இருட்டு விழாத படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மா படுக்கையிலும் நான் அடுப்படியிலுமாக ஒருவழியாக நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். உறையைப் பார்த்ததும் பதறிவிடாதே, புதிதாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏற்கெனவே ஆனதுதான். போன் என்று ஒன்று இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போன வாரம் போனில் இந்தப் பேச்சை எடுத்தேன், "அந்த ஆளைப் பத்தின்னா நான் வைக்கிறேன்பா" என்று சொல்லி வைத்தும் விட்டாய். கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது, நீ கோபத்தில் மடித்து மேசையில் எறிந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது, மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து பேசும். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பிழையும் இருக்கும், பத்தாவதைத் தாண்டாதவன் என்பது உனக்குத் தெரியாததா, பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி. நடுவில் நிறுத்தாதே. அதுதான் நான் உன்னிடம் கேட்கும் முதல் உதவி, இரண்டாவது உதவி பின்னால் வருகிறது.

முதலில் அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர், ஆனால் அந்த வலது கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் வருகிறாள், வந்தபின் திரும்பிப் போக அவளுக்கு மனசு வருவதில்லை, நின்றுகொண்டே இருக்கிறாள், நானும் தூண் மாதிரி நின்றுகொண்டிருக்கிறேன். இனிமேல் தடி இல்லாமல் நடப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் மறைத்துவிடலாம் என்று முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தடி வாங்கும்போது நல்ல கெட்டியா வாங்குங்க, உங்க முதுகுக்கும் சேர்த்து உதவும்" என்றாள். சிரித்தோம். தையல் ஆலையில் அவள் மிஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள், சூப்பர்வைசர் பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து பக்குவமாகத்தான் சொன்னார், அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் போனபின் பார்த்தேன், போர்வைக்குள் இடது கால் மட்டும் மிஷின் மிதிக்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. சமையல் இப்போது என் கையில். உப்பு போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போட்டுவிடுகிறேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, நல்லா இருந்த காலத்தில் அவள் அப்படிச் சும்மா விட்டதில்லை.

அன்றைக்கு நடந்ததை நீ வக்கீலுக்கும் தோழிகளுக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாய். ஆனால் நீ சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அது வேறு ஏதோ ஒரு தெருவில் நடந்த மாதிரி எனக்குப் படுகிறது, அதனால் ஒரு தடவை நான் சொல்கிறேன். அம்மா முதல் பஸ்ஸுக்குப் போகிறவள், விடிவதற்கு முன்பே கிளம்பி, நம் தெரு வளைவில் சாலையைக் கடந்தால்தான் நிறுத்தம். வளைவில் இருக்கிற விளக்கு மழைக்காலத்திலேயே போய்விட்டது. சொல்ல வேண்டிய இடத்தில் தெருவே திரண்டு போய்ச் சொன்னோம், "ஆள் வருவாங்க" என்றார்கள், அந்த ஆள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார். நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு விளக்கு எரியும், அதன் வெளிச்சம் வளைவுக்கு எட்டாது. அம்மா நடைபாதையிலிருந்து கீழே கால் வைத்தாள், ரொட்டி வண்டி திரும்பியது. வண்டியில் விளக்கு இல்லையா என்று நீ கேட்டாய், இருந்தது, ஆனால் வளையும்போது அதன் வெளிச்சம் எதிர்ச் சுவரில்தான் போய் விழும், வண்டி நேராகிற வரைக்கும் வளைவின் உள்பக்கம் இருட்டு. நேரானபோது அம்மா வண்டிக்கு முன்னால் இருந்தாள். சத்தம் கேட்டு நான் ஓடினேன். பஸ் டிப்போவில் இத்தனை வருஷம் டயரோடு குடும்பம் நடத்துகிறவன் அல்லவா, அந்தப் பதற்றத்திலும் கண் தானாகத் தரைக்குப் போயிற்று, பிரேக் பிடித்த கோடு ஒரு குடை நீளம்கூட இல்லை. மெதுவாக வந்த வண்டி பாப்பா. இல்லாவிட்டால் இன்றைக்கு நான் அம்மாவின் உப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஓட்டி வந்தவரைத் தெருவில் எல்லாரும் பூனை என்பார்கள், ஜனங்கள் தூங்குகிற நேரம் என்று ஹாரன் அடிக்காமல், கதவைக்கூட அறைந்து சாத்தாமல் கடை வாசல்களில் ரொட்டியை வைத்துவிட்டுப் போகிறவர், அதில் வந்த பெயர். ஹாரன் அடிக்காததையும் உன் புகாரில் ஒரு குற்றமாகச் சேர்த்திருந்தாய், தப்பு என்று சொல்லவில்லை, அடித்திருந்தால் அம்மா நின்றிருப்பாளோ என்னவோ. ரொட்டித் தட்டுகளை எல்லாம் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு, அம்மாவைத் தூக்கி வண்டிக்குள் படுக்க வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன், வண்டிக்குள் சூடான ரொட்டி வாசனை. இன்றைக்கும் அந்த வாசனை தெருவில் வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள்.

நீ அங்கே துடித்தாய். வர முடியவில்லை, லீவு இல்லை, விசா இழுபறி, எனக்கு எல்லாம் தெரியும். அங்கிருந்தபடியே வக்கீலைப் பிடித்தாய், கம்ப்யூட்டரிலேயே புகார் கொடுத்தாய், அப்புறம் என்னிடம் "அதே இடத்தை அதே நேரத்துல போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, வளைவு, நடைபாதை, நிறுத்தம் எல்லாம் தெளிவாத் தெரியணும், என் பழைய கேமரா அலமாரி மேல்தட்டுல இருக்கு" என்றாய். மகள் ஒரு வேலை சொன்னாளே என்று எனக்குச் சந்தோஷம். அம்மா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஏதாவது ஒன்றை ஓடி ஓடிச் செய்ய வேண்டும் போல இருந்த சமயம் அது. முதல் நாள் எடுத்ததில் ஃபிளாஷ் பட்டு எதிர் வீட்டு கேட்டும் ஒரு விட்டில் பூச்சியும் மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தன, பின்னால் ஒரே கறுப்பு. ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தால் தூரத்து விளக்கு நூல் கண்டு பிரிந்த மாதிரி வந்தது, கை நடுங்கியிருக்கிறது. கடைசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட் முனை ஸ்டுடியோக்காரரிடம் போனேன். அவர் கடைக்கு ஆள் வந்தே நாளாயிற்று போலிருக்கிறது, என்னை விடவே இல்லை. "அண்ணே, நாமதான் கண்ணை மூடி மூடித் தொறக்கிறோம், கேமரா அப்படியில்ல. தொறந்தா தொறந்ததுதான். எவ்வளவு நேரம் தொறந்து வைக்கிறீங்களோ அவ்வளவு வெளிச்சத்தைக் குடிச்சுக்கும்" என்றார். கேமராவை அசையாத இடத்தில் வைக்க வேண்டும், பட்டனைக் கையால் அமுக்கினால் அதிலேயே ஆடிவிடும், அதனால் டைமர் போட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும், இருட்டில் அது ஃபோகஸ் தேடித் தவிக்கும், தூரத்து விளக்கைக் காட்டிப் பிடித்து நிறுத்த வேண்டும், ஐ.எஸ்.ஓ. என்று ஒன்றைக் குறைத்து வைத்தால்தான் படத்தில் மணல் தூவின மாதிரி புள்ளி வராது, அப்புறம் அரை நிமிஷம் திறந்துவிட வேண்டும். நான் எல்லாவற்றையும் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தேன். ஸ்டாண்டு இல்லாததால் காம்பவுண்டு சுவர்மேல் தலையணையைப் போட்டு அதில் கேமராவைப் படுக்க வைத்தேன். "எனக்கு முட்டுக்கொடுக்கிற தலையணையை அதுக்குக் கொடுத்துட்டீங்களா, அதுக்கு எந்தக் கால் ஒடிஞ்சுது?" என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

படம் வந்தது பாப்பா. நீயே பார்த்தாயே. நடைபாதைக் கற்களை எண்ணலாம், எதிர்ச் சுவரில் ஒட்டிக் கிழித்த நோட்டீஸின் எழுத்தை வாசிக்கலாம், வானம்கூட லேசான நீலம், தூரத்து விளக்கு நட்சத்திரம் மாதிரி கதிர் விட்டுக்கொண்டு நின்றது. அரை நிமிஷத்துக்குள் ஒருவர் சைக்கிளில் குறுக்கே போனார், அவர் படத்தில் விழவே இல்லை, அவருடைய விளக்கு போட்ட கோடு மட்டும் மெல்லிசாக விழுந்திருந்தது, அதைக்கூட ஒரு அழகு என்று நினைத்துக்கொண்டேன். டிப்போவில் ஒருத்தன் விடாமல் எல்லாருக்கும் காட்டினேன். நீ "அப்பா, இது நீங்க எடுத்ததா? நம்பவே முடியல" என்று எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இந்த வயதில் ஒரு மனுஷனுக்குத் தலைக்கனம் வந்தால் அது தலைக்குள் மட்டும் நிற்காது, நடையில் வந்துவிடும், நான் மார்க்கெட்டுக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்வந்தேன்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் லைசென்ஸ் ஆபீஸ் விசாரணைக்கும் போனேன். சின்ன அறை, மின்விசிறி சத்தம், மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலர், இந்தப் பக்கம் நான், சுவரோரம் பெஞ்சில் பூனை, சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவில் ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு இருட்டு என்று அவர் சொன்னார். அம்மாவும் ஆஸ்பத்திரியில் வைத்து அதையேதான் சொல்லியிருந்தாள், "அவர் என்னைப் பார்க்கல, நானும் அவரைப் பார்க்கல, ரெண்டு பேரும் ஒரே இருட்டுலதான் இருந்தோம்" என்று, ஆனால் வலி மாத்திரை மயக்கத்தில் சொன்னது என்று அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். அலுவலர் நீ அனுப்பிய படத்தைக் கையில் எடுத்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார், "இவ்வளவு தெளிவா இருக்கே, கல்லைக்கூட எண்ணலாம். இதுல ஒரு பொம்பளை நிக்கிறது தெரியலைன்னா ஓட்டினவன் தூங்கியிருக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நீங்களா எடுத்தீர்கள், அதே நேரத்தில் எடுத்ததா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். "நல்லா எடுத்திருக்கீங்க" என்றார். உன் அப்பா என்ன சொன்னேன் தெரியுமா, "தேங்க்ஸ் சார்" என்றேன். பூனையிடம் படத்தை நீட்டினார். அவர் எழுந்து வந்து, இரண்டு கையாலும் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது அந்த இடம் இல்லைங்க" என்றார். அலுவலர் சிரித்துவிட்டார், "யோவ், இவர் வீட்டு வாசல்யா, அவரே எடுத்துட்டு வந்திருக்காரு" என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் தலையாட்டினேன். என் தெருதான் என்று தலையாட்டினேன் பாப்பா. அன்றைக்கே அவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அங்கே உறைக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது நன்றாக இருட்டிவிட்டது, வளைவில் கையிலிருந்த சாவி கீழே விழுந்தது, குனிந்து தேடுகிறேன், அகப்படவில்லை. என் கையே எனக்குத் தெரியவில்லை. படத்தில் கல்லை எண்ணலாம், இங்கே என் வீட்டுச் சாவியைத் தடவித் தடவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் ஸ்டுடியோக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன், என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க என்று. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "படம் தெளிவா வரணும்னுதானே கேட்டீங்க? கண்ணுக்குத் தெரியிற மாதிரி வரணும்னு கேக்கலையே" என்றார். அரை நிமிஷ வெளிச்சத்தை ஒரே தாளில் கொட்டி வைத்தால் இருட்டு எங்கே இருக்கும்? பூனைக்கு வளைவில் கிடைத்தது கண் சிமிட்டுகிற நேரம். வீட்டில் வந்து சொன்னபோது அம்மா சண்டை போடவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "இத்தனை மாசமா யாரும் போடாத விளக்கை நீங்க ஒரே ராத்திரியில போட்டுட்டீங்க" என்றாள்.

அதன்பிறகு இருட்டை எடுக்கப் போனேன். தெளிவாக எடுப்பதைவிட அது கஷ்டமாக இருந்தது. தெருவைப் பார்ப்பேன், கேமராவில் எடுத்ததைப் பார்ப்பேன், அது வெளிச்சமாக இருந்தால் திறந்து வைக்கிற நேரத்தைக் குறைப்பேன், மறுபடி தெருவைப் பார்ப்பேன். இருட்டில் அந்தச் சின்னத் திரையே விளக்கு மாதிரி கண்ணைக் கெடுத்தது, அதனால் துணியால் மூடி வைத்து, கண் பழகுகிற வரைக்கும் காத்திருந்து காத்திருந்து எடுத்தேன். தூரத்து விளக்கு நட்சத்திரமாக இல்லாமல் சாதாரண பல்பாக, கண்ணுக்குத் தெரிகிற அளவிலேயே வந்து நின்றபோது சரி என்று விட்டேன். பிரிண்ட் போட்டு வாங்கினால் மறுபடி தெரு பளிச்சென்று இருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஸ்டுடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "மிஷினுக்கு இருட்டைக் கண்டா பொறுக்காதுண்ணே, யாரோ தப்பா எடுத்துட்டாங்கன்னு அதுவா வெளிச்சம் ஏத்திடும்" என்றார். அதை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுக் கொடுத்தார். இந்தத் தெருவில் இருட்டாக இருக்கிறது என்று சொன்னால் மனுஷரும் நம்பவில்லை, மிஷினும் நம்பவில்லை.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நானாக அலுவலரிடம் போனேன். முந்தின படம் என் முட்டாள்தனத்தால் வந்தது, கேமராவை அரை நிமிஷம் திறந்து வைத்துவிட்டேன், நிஜத் தெரு இதுதான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அலுப்பாகத்தான் பார்த்தார். "ஐயா, கறுப்பா ஒரு படம் யார் வேணா எடுக்கலாம், லென்ஸ் மேல கையை வச்சா போதும். தெளிவா எடுக்கிறதுதான் கஷ்டம், அதை நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. இப்ப அவருக்காக வந்து பேசறீங்க, அவர் உங்க வீட்டுக்கு வந்து போறாராமே?" என்றார். வந்து போவது நிஜம்தான், உன்னிடம் சொல்லவில்லை. சாயங்காலம் சில நாள் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நிற்பார், அம்மா ஜன்னலிலிருந்து பார்த்து உள்ளே கூப்பிடுவாள், கட்டிலுக்கு எட்ட உட்கார்ந்து, "கால் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டுவிட்டு அவளுடைய கால் இருக்கிற பக்கம் பார்க்காமல் எழுந்து போய்விடுவார். இப்போது அதே ரொட்டிக்கடையில் மாவு மூட்டை இறக்குகிறார், தலைமயிர் எல்லாம் வெள்ளை படிந்திருக்கும். வண்டியை வேறு ஒருவன் ஓட்டுகிறான், தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே. படம் விஷயத்தில் என்னை மன்னித்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னேன். "விடுங்கண்ணே, படம் நல்லாத்தான் இருந்தது. அன்னைக்கு தெரு அப்படி இருந்திருக்கக் கூடாதான்னுதான் எனக்குத் தோணுச்சு" என்றார். அதற்குப்பின் எனக்கு ராத்திரித் தூக்கம் ஒழுங்காக இல்லை.

இப்போது இரண்டாவது உதவிக்கு வருகிறேன். அலுவலர் கடைசியில் ஒரு வழி சொன்னார். புகார் உன் பெயரில் இருக்கிறது, படமும் நீ கொடுத்ததாகத்தான் இருக்கிறது, அதனால் நான் எதைச் சொன்னாலும் செல்லாது. அந்தப் படம் கேமராவை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தது, கண்ணுக்குத் தெரிகிற தெரு அது இல்லை என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதை எடுத்து ஓரம் வைத்துவிடுவாராம். மாதக் கடைசிக்குள் வர வேண்டும். வராவிட்டால் லைசென்ஸ் ஒரேயடியாகப் போய்விடும், கேஸும் கோர்ட்டுக்குப் போகும், அங்கே நான் எடுத்த படம்தான் சாட்சி. புகாரையே வாபஸ் வாங்கு என்று நான் சொல்லவில்லை. அந்த மனுஷர்மேல் தப்பு இருந்தால் இருக்கட்டும், அது என்னவோ அதை மட்டும் வைத்துக் கேட்கட்டும், இல்லாத வெளிச்சத்தை வைத்துக் கேட்க வேண்டாம். உன் கோபத்தை நான் குறை சொல்லவில்லை பாப்பா. உன் அம்மா தெருவில் கிடந்தபோது நீ ஓடி வர முடியாத தூரத்தில் இருந்தாய், அந்தத் தூரத்துக்காக யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல உனக்கு இருக்கிறது. விளக்கு போடாதவர்களுக்கு முகம் இல்லை, பூனைக்கு முகம் இருக்கிறது, அதுதான் அவர் செய்த பாவம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, இல்லாவிட்டால் அந்தக் குளிரில் தலையணையைத் தூக்கிக்கொண்டு சுவர்மேல் ஏறியிருப்பேனா? அவர் லைசென்ஸ் போனால் அம்மா கால் வந்துவிடும் என்றால் நானே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன். வராது.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். மேல்வீட்டு டீச்சர் புத்தகம் கொண்டுவந்து அம்மாவுக்குக் கொடுக்கிறார், அம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டு முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறாள், தூங்குகிறாள் என்றுதான் நானும் நினைத்துக்கொள்கிறேன். நீ ராத்திரி வேலை முடிந்து நடந்து வருவதாகச் சொன்னாய், வெளிர் நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு நட, சாலையைக் கடக்கும்போது போனைப் பார்க்காதே. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. கடிதத்தைப் படித்ததும் அழத் தோன்றினால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள், என்னைத் திட்டத் தோன்றினால் போன் பண்ணித் திட்டு, ஆனால் அம்மா எடுத்தால் அவளிடம் திட்டாதே, அவள் உன் பக்கம் சேர்ந்துகொண்டு என்னைத் திட்டுவாள், இரண்டு பேரைச் சமாளிக்க இந்த உடம்பில் தெம்பு இல்லை. நீ என்ன முடிவு எடுத்தாலும் என் மகள்தான், அதில் மாற்றம் கிடையாது. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன் தலைமேல் எப்போதும் இருக்கும், நீ நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உறைக்குள் இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்குத் தெரிந்த அந்தத் தெளிவான படம். இன்னொன்று இன்றைக்கு விடிவதற்கு முன்னால், உனக்கென்றே எடுத்தது, அலுவலர் பார்க்காதது. பாழாய்ப்போன படம் என்று தூக்கிப் போட்டுவிடாதே. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு எல்லாவற்றையும் வைத்துவிட்டு, டைமரை அமுக்கிவிட்டு ஓடினேன், உன் அப்பா ஓடினது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள், நடைபாதை விளிம்பில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, அம்மா கால் வைத்த அதே இடத்தில் டிப்போ உடுப்போடு கேமராவைப் பார்த்து நேராக நின்றேன். அம்மா ஜன்னலிலிருந்து "இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தாள். "இருக்கேன்" என்றேன். அந்தப் படத்தில் நான் இருக்கிறேன் பாப்பா. விளக்குக்கு அடியில் வைத்துப் பார், கண்ணாடி போட்டுக்கொண்டு பார், அவசரமில்லை. நான் உன் கண்ணில் பட்டுவிட்டால் நீ அலுவலருக்கு ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகத் தபால்காரர் வருகிற நேரமெல்லாம் வாசலில் நிற்கப் போகிற
அப்பா